பத்து நிமிடம் யாரும் கேட்காவிட்டால்

“பெரிய பிளக்கு வேற எங்கயும் இல்லையா மதினி?” என்று கேட்டுக்கொண்டே கண்ணுசாமி எடிட்டிங் அறைக்குள் போய்விட்டான். கூடத்தில் புருஷனின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த அமிர்தவல்லி வாயைத் திறப்பதற்குள் உள்ளே அவன் கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்க, யு.பி.எஸ். கீச்சிட்டது. கொழுந்தன் அதையும் அணைத்துவிட்டான். சத்தம் நின்றது.

ஃப்ரீசர் பெட்டி கொண்டுவந்திருந்த ஜெரால்டு வயரைக் கூடம்வரை இழுத்தான். ரத்தினவேலைத் தூக்கி உள்ளே வைத்து மூடினார்கள். பெட்டி உறுமத் தொடங்கியது.

“குளுந்ததும் தானா நின்னுரும், பயந்துராதீங்க” என்றான் ஜெரால்டு. “சூடு ஏறுனா அதுவா ஓடும். கெட்டுப்போச்சுன்னு போன் பண்ணாதீங்க.” எல்லாக் கேத வீட்டிலும் சொல்லிச் சொல்லி அவனுக்கு மனப்பாடமாகியிருந்தது.

அமிர்தவல்லியின் பார்வை அறை வாசலிலேயே இருந்தது. வந்த பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை.

திருவரங்குளத்தைச் சுற்றி இருபது வருஷமாகக் கல்யாணம், காதுகுத்து எல்லாம் வீடியோ எடுத்தவர் ரத்தினவேல். எடுப்பது அவர், வெட்டி ஒட்டிப் படமாக்குவது அவள்.

“எங் கல்யாணத்துல இந்த அண்ணன், ‘சிரி தாயி, சிரிப்புக்கெல்லாம் இன்னும் வரி போடல’ன்னாரு” என்றாள் வந்தவர்களில் ஒருத்தி. “மேடையே சிரிச்சுச்சு. வீடியோவுல பாத்தா அந்தச் சத்தத்தவே காணோம்.”

அதைக் காணாமலாக்கியவள் அமிர்தவல்லிதான். கேமராவுக்குப் பின்னால் நிற்பவரின் குரல்தான் ஒலிவாங்கிக்கு மிக அருகில் இருக்கும். அதனால் எல்லாக் குரலையும் மீறி அவருடையதே கேட்கும். எடிட்டிங்கில் அவள் செய்யும் முதல் வேலை அந்தக் குரலைத் தேடி வெட்டிவிட்டு, அந்த இடத்தில் நாகஸ்வரத்தை ஓடவிடுவது. படம் வாங்கிப்போன பிறகு, இடம் பற்றாமல், வெட்டாத பதிவுகளையும் அழித்துவிடுவார்கள். கடைசி முகூர்த்த மாதங்களின் பதிவுகள் மட்டும் ஒரு பழைய ஹார்டு டிஸ்கில் மிச்சமிருந்தன. அவர் குரல் இருக்கும் இடம் உலகத்தில் அது ஒன்றுதான்.

செங்கல் அளவுள்ள கறுப்புப் பெட்டி அது. உள்ளே கண்ணாடிபோல் பளபளக்கும் தட்டுகள் வேகமாகச் சுழலும். அந்தச் சுழற்சி எழுப்பும் காற்றின்மேல், தட்டைத் தொடாமல் மிதந்துகொண்டே, ஒரு சின்ன முனை பதிவுகளைப் படிக்கும். பத்து நிமிடம் யாரும் எதையும் கேட்காவிட்டால் முனையை ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, தட்டு தானாக நின்றுவிடும். சூடு மிச்சம், தேய்மானம் மிச்சம். யாராவது கேட்டால் சற்றுத் தாமதித்து மறுபடி சுழலும்.

இந்தப் பெட்டி அப்படி எழுந்திருக்கச் சிரமப்பட ஆரம்பித்திருந்தது. “அதத் தூங்க விடாத, அமிர்தம்” என்று ரத்தினவேல் போன வாரம் சொன்னார். “ஒரு நாளு எந்திரிக்காமலே போயிரும்.” அவள் தானாக நிற்கும் அமைப்பை நீக்கிவிட்டு, புது டிஸ்க் வாங்கி, நேற்றுத்தான் நகலெடுக்கத் தொடங்கினாள். பாதிகூட ஆகவில்லை. காலையில் அவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தார். அவ்வளவுதான்.

சுழலும்போது மின்சாரத்தைப் பிடுங்கினாலும் முனை தட்டில் விழுந்துவிடாது என்பது அவளுக்குத் தெரியும். தட்டின் மிச்சச் சுழற்சியே கொஞ்சம் மின்சாரம் உண்டாக்கும். முனை ஓரத்துக்குப் போய்ச்சேர அது போதும். அப்படி யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். கூடத்தில் ஃப்ரீசர் பெட்டி உறுமி நின்று, மறுபடி உறுமும்போதெல்லாம் அவள் இதையே மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். நின்றது மறுபடி எழுந்திருக்குமா என்பதற்குத்தான் அதில் பதில் இல்லை.

வெயில் தாழ்ந்ததும் எடுத்தார்கள். சங்குச் சத்தம் தெருமுனையில் திரும்பியது. ஜெரால்டு வயரைச் சுருட்டிக்கொண்டு போனான். பெண்கள் வீடு கழுவத் தொடங்கினார்கள். பிணம் போன கையோடு கழுவ வேண்டும். கண்ணுசாமியின் மனைவி செல்வராணி குடத்தைக் கவிழ்த்தாள். தண்ணீர் கூடத்தைத் தாண்டி அறைக்குள் ஓடியது.

அமிர்தவல்லிக்கு அப்போதுதான் உறைத்தது. பிளக்கை எட்டுவதற்காகக் கண்ணுசாமி மேசைக்கடிப் பலகையில் இருந்ததையெல்லாம் தரையில் இறக்கிவைத்திருப்பான்.

“தண்ணிய நிறுத்துடி!”

எழுந்து ஓடினாள். வழுக்கி, முட்டி தரையில் இடித்தது. கறுப்புப் பெட்டியை எடுத்தபோது ஒரு மூலை நனைந்திருந்தது. முந்தானையால் துடைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“அக்கா, கழுவாம விடக்கூடாதுக்கா…”

“கழுவு. இந்த ரூம விட்டுட்டுக் கழுவு.”

“காலையிலேருந்து அழுவல. மண்டைக்கு ஏறிருச்சு” என்று யாரோ கிசுகிசுத்தார்கள். செல்வராணி கையை நீட்டினாள். “எங்கிட்டக் குடுக்கா, பத்திரமா வைக்கிறேன்.” அமிர்தவல்லி கொடுக்கவில்லை.

ஆண்கள் குளித்துவிட்டு வந்து போனார்கள். “சோறு எடுத்துட்டு வாரேன்” என்று செல்வராணியும் கிளம்பினாள். நனைந்த மூலை நன்றாக உலர்ந்துவிட்டதைத் தடவிப் பார்த்துவிட்டு, அமிர்தவல்லி கம்ப்யூட்டரைப் போட்டு, பெட்டியின் பிளக்கைச் செருகினாள். விளக்கு மினுங்கியது. உள்ளே ஒரு டிக். பிறகு ஒன்றுமில்லை. பிடுங்கி, காத்திருந்து, மறுபடி செருகினாள். டிக். ஒன்றுமில்லை. மூன்றாவது முறை உள்ளங்கையைப் பெட்டியின்மேல் வைத்துக்கொண்டாள். கைக்கடியில் மெல்லிய அதிர்வு தொடங்கி, ஏறி, சீரானது.

நகலெடுப்பதை விட்ட இடத்திலிருந்து ஓடவிட்டாள். அதன் பிறகுதான் ஒரே ஒரு பதிவைத் திறந்தாள்.

“அண்ணே, அந்தக் கொடைய மடக்குங்க. மாப்ள மூஞ்சி தெரியல. அங்கிட்டு… இன்னும் அங்கிட்டு. ம், போதும்.” ஒரு இருமல்.

அவள் விரல் தன்னால் போய், வெட்டும் இடத்தைக் குறிக்கும் பொத்தானை அழுத்தியிருந்தது. திரையில் அவர் குரலுக்கு நேரே ஒரு கோடு விழுந்தது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு எல்லோரும் போனபோது புது டிஸ்கில் எல்லாம் வந்து சேர்ந்திருந்தது. இனிப் பழையதை விழிக்கவைக்க வேண்டியதில்லை. பத்து நிமிடம் என்று அமைத்துவிட்டு, எதையும் தொடாமல் எதிரே உட்கார்ந்திருந்தாள். இரைச்சல் இறங்கி இறங்கி அடங்கியது. விளக்கு அணைந்தது. தெருவில் ஒரு பஸ் போனது.

அவள் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மவுஸை நகர்த்தி, பதிவுகளின் பட்டியலை அதனிடம் கேட்டாள். பெட்டி தாமதித்தது. உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். தட்டு சுழலத் தொடங்கியது. அவள் எந்தப் பதிவையும் திறக்கவில்லை.