முதலிடத்தில் கிருஷ்ணன்குட்டி

பொன்னுதாஸ் விட்ட அறையில் எலியாவின் கண்ணாடி கழன்று பறந்து காயலில் விழுந்தது. அது முழுகுவதைப் பார்க்கக்கூட அவனுக்கு நேரமில்லை. அடுத்த அறை மறு கன்னத்தில் வந்து இறங்கிவிட்டது.

"எலே, எனக்க பேரு எங்கல போச்சு?" பொன்னுதாஸ் தன் போனை அவன் மூக்கில் வைத்துத் தேய்த்தார். "பாருல! கண்ணத் தொறந்து பாரு!"

பூவார் காயலில் பொன்னுதாஸுக்கு வரிசையாகப் படகுகள் உண்டு. கோவளம் பக்கம் தங்க வரும் வெளியூர்க்காரர்கள் போனில் 'பூவார் போட்டிங்' என்று தட்டுவார்கள். எந்தப் பெயர் முதலில் வருகிறதோ அந்த நம்பருக்குக் கூப்பிடுவார்கள். இரண்டாவது பெயரைப் படிக்கும் பொறுமை எவனுக்கு இருக்கிறது? அந்த முதலிடத்தில் பொன்னுதாஸை உட்கார வைப்பதுதான் எலியாவின் வேலை. பாறசாலைக்குப் பக்கத்தில் செங்கல் என்ற ஊரில் அவன் வீடு. வீட்டிலேயே லேப்டாப்பும் கையுமாக இருப்பான். மற்ற வெப்சைட்டுகள் நம் சைட்டைச் சுட்டிக்காட்டினால் அதற்கு லிங்க் என்று பெயர். நாலு பேர் கைகாட்டும் கடைக்குக் கூட்டம் போகுமல்லவா, கூகுளும் அப்படித்தான். அந்த நாலு பேரைத் தேடிப் பிடித்துக் கைகாட்ட வைப்பவன் எலியா.

இரண்டு சீசனாக ஒழுங்காகத்தான் செய்தான். பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள், ஹோட்டல்காரர்கள் என்று ஒவ்வொருவருக்கும் கெஞ்சிக் கூத்தாடி எழுதினான். இந்த வருடம் சோம்பல் பிடித்துவிட்டது. எவனோ முகம் தெரியாதவனிடம் லிங்குகளை மூட்டையாக வாங்கிக் கட்டினான். மூட்டைக்குள் என்ன இருக்கிறதென்று பிரித்துப் பார்த்தானா என்றால் அதுவும் இல்லை. சீட்டாட்டச் சைட்டு, முடி வளரும் எண்ணெய், துணியில்லாப் படங்கள், எல்லாக் கழிசடையும் பொன்னுதாஸின் படகைக் கைகாட்டிக்கொண்டு நின்றன. கூகுள் கண்டுபிடித்தது, தூக்கிக் கடாசியது. கிறிஸ்துமஸ் சீசனில் பொன்னுதாஸின் பெயர் முதல் பக்கத்திலும் இல்லை, மூன்றாம் பக்கத்திலும் இல்லை. படகுகளெல்லாம் கட்டின கயிற்றில் ஆடிக்கொண்டு நின்றன.

காரணம் எலியாவுக்குக் காலையிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் படகுத்துறையில், பொன்னுதாஸ் மூன்றாவது அறைக்குக் கை ஓங்கியபோது, அவன் வாயிலிருந்து வந்தது வேறு.

"அண்ணா, நான் ஒண்ணும் செய்யல்ல! ஆரோ நமக்கு எதிரா செய்திருக்கு. கெட்ட கெட்ட லிங்கா கொண்டாந்து நம்ம சைட்டுல கெட்டி விட்டிருக்காவ. கூடோத்திரம் வைக்கது போல ஆக்கும் இது!"

இந்தத் தொழிலில் அப்படி ஒருவனை ஒருவன் கவிழ்ப்பதும் உண்டு. அதனால் பொய் நாக்கில் வழுக்கிக்கொண்டு வந்தது. கூடோத்திரம் என்ற சொல்லையா அவன் எடுத்திருக்க வேண்டும்? பொன்னுதாஸ் ஞாயிறு தவறாமல் சர்ச்சில் முன் பெஞ்சில் உட்காருகிறவர்தான். ஆனால் செய்வினை என்று வீட்டு முற்றத்தில் தகடும் முடியும் புதைத்து வைப்பார்கள், குடும்பம் அழியும் என்றால் அந்தப் பக்கத்தில் யார் நம்பாமல் இருக்கிறார்கள்? அவர் ஓங்கிய கையை இறக்கினார்.

"வச்சது ஆரு?"

"தெரியாதண்ணா."

"இப்ப மேல வந்து நிக்கது ஆரு?"

எலியாவுக்குத் தெரியும். பொன்னுதாஸுக்கும் தெரியும். இருந்தாலும் அதை இவன் வாயால் கேட்க வேண்டும் அவருக்கு.

"குளத்தூர் கரையில... கிருஷ்ணன்குட்டிண்ணன்."

சொல்லிவிட்டான், பாவி. கிருஷ்ணன்குட்டிக்கு இருப்பதே இரண்டு சின்னப் படகு. சைட்டு என்று ஒற்றைப் பக்கம், ஒரு படமும் ஒரு நம்பரும், அண்ணன் மகள் நந்தனா காலேஜ் லீவில் செய்து கொடுத்தது. அது எப்படி மேலே வருகிறதென்று எலியா பொறாமையோடு துருவிப் பார்த்திருக்கிறான். ஆடி அமாவாசையான கர்க்கிடக வாவுக்குத் தர்ப்பணம் செய்ய வருகிறவர்களை ஆறு கடலில் சேரும் பொழிமுகத்துக்குக் காசு வாங்காமல் கொண்டு விடுவார் கிருஷ்ணன்குட்டி. வெள்ளம் வந்த வருடம் கூரைமேல் நின்றவர்களைப் படகில் ஏற்றி இறக்கியிருக்கிறார். அதனால் ஊர் நூலகம், பழைய மாணவர் சங்கம், காட்டாக்கடை சைக்கிள்காரர்கள் எல்லாம் தங்கள் சைட்டில் அவரைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதி லிங்க் போட்டிருந்தார்கள். ஒன்றுகூட விலைக்குக் கிடைக்காதது. இத்தனையும் தெரிந்தவன்தான் அந்தப் பெயரைச் சொன்னான்.

"வச்சவனுக்க கையாலயே எடுக்கணும்," என்றார் பொன்னுதாஸ். துறையில் நின்ற தன் படகுக்காரன் பக்கம் திரும்பினார். "அனிலே, ஜீப்ப எடு. சஜுவயும் கூப்பிடு."

எலியா மெல்ல நழுவப் பார்த்தான். பொன்னுதாஸ் அவன் பிடரியில் கை வைத்தார். "நீ எங்க போற? அவன் எடுக்கானா இல்லியான்னு பாத்துச் சொல்ல ஆளு வேண்டாமா?"

வெயில் இறங்காத நேரம். கிருஷ்ணன்குட்டி கரையில் படகைக் கவிழ்த்துப் போட்டு ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தார். ஜீப்பைப் பார்த்து, பொன்னுதாஸைப் பார்த்து, சிரித்துக்கொண்டே எழுந்தார். பாதி எழுந்தவரை அனில் நெஞ்சில் மிதித்தான். அவர் மல்லாந்து தார்ச் சட்டியின் மேல் விழுந்தார்.

"எடுல!" என்றான் அனில்.

"என்னத்த... என்னத்த எடுக்க?"

"எங்க சைட்டுல கெட்டின லிங்க. கூடோத்திரத்த."

"பொன்னுதாஸண்ணா, என்ன இது? இவன் என்னத்தச் சொல்லுதான்?"

சஜு துடுப்பைத் தூக்கி அவர் முதுகில் போட்டான். அந்தச் சத்தத்தில் எலியாவின் பல் கூசியது. இரண்டாவது அடி காதில் விழுந்து காது கிழிந்தது. ரத்தம் கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. இருவருமாக அவரை இழுத்துக் கவிழ்த்த படகின்மேல் வலது கையை விரித்து அழுத்தினார்கள். அனில் ஜீப்பிலிருந்து பெரிய ஸ்பானர் எடுத்து வந்திருந்தான். சுண்டுவிரலில் அடித்தான்.

கிருஷ்ணன்குட்டி போட்ட கூச்சலில் கரையோரக் கண்டல் காட்டிலிருந்த கொக்கெல்லாம் எழும்பின.

"எடுக்கேன்! எடுக்கேன், விடுங்க!"

இடது கையில் அவருடைய போனைத் திணித்தார்கள். மனிதர் எதையெதையோ அமுக்கினார். கேமரா திறந்தது, பாட்டுப் பாடியது, யாருக்கோ கால் போனது. எலியாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. அதை யோசனை என்று சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது. தானும் தப்ப வேண்டும், அவரும் தப்ப வேண்டும், உண்மையும் வெளியே வரக் கூடாது. அப்படி ஒரு வழி.

"போயாச்சு அண்ணா!" என்று கத்தினான். "லிங்க் போயாச்சு! அவரு எடுத்தாச்சு! வாங்க, போவோம்."

பொன்னுதாஸ் தலையாட்டினார். ஆனால் அனில் தன் போனை எடுத்து 'பூவார் போட்டிங்' என்று தட்டினான்.

முதலிடத்தில் கிருஷ்ணன்குட்டி.

"எளவு, இவன்தான் இப்பவும் நிக்கான்," என்றான் அனில். ஸ்பானரை ஓங்கி அடுத்த விரலில் இறக்கினான்.

நாசமாய்ப் போக. கூகுளில் ஒரு பெயர் ஏறவோ இறங்கவோ வாரக்கணக்காகும் என்பது எலியாவுக்குத் தெரியும். இந்தக் கரையில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். இவர்கள் அடிப்பார்கள், தட்டிப் பார்ப்பார்கள், அதே பெயர் வரும், மறுபடி அடிப்பார்கள். விரல் தீர்ந்தால் கை, கை தீர்ந்தால் தலை. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது. சொன்னால் அந்த ஸ்பானர் தன் பக்கம் திரும்பும் என்று இன்னொன்று வாயைப் பொத்தியது. அவன் காயலைப் பார்த்துத் திரும்பி நின்றான்.

மூன்றாவது விரலில் அடி விழுந்தது. இந்தத் தடவை கூச்சல் வரவில்லை. ஓங்கரிப்பு மட்டும் வந்தது. கிருஷ்ணன்குட்டி வாந்தியெடுத்து, அதன்மேலேயே கன்னத்தை வைத்துக் கிடந்தார்.

"நான்தான் வச்சேன்," என்றார். "பொன்னுதாஸண்ணா, நான்தான். தப்பு பற்றிப் போச்சு. இனி அடிக்கண்டாம்னு சொல்லுங்க." பிறகு ரத்தம் ஒட்டின கண்ணைத் திறந்து எலியாவைத் தேடினார். "மக்கா, நீ படிச்ச பிள்ளையில்லியா. அத எப்பிடி எடுக்கதுன்னு எனக்கு ஒண்ணு சொல்லித் தா. நீ சொல்லுத மாதிரி நான் எடுக்கேன்."

அதோடு எலியாவுக்குத் தாங்கவில்லை.

"அவரு வைக்கல்ல!" என்று அலறிக்கொண்டு போய் அனிலின் கையைப் பிடித்தான். "நானாக்கும் செய்தது! நான் வாங்கிக் கெட்டின லிங்கு அண்ணா, அவ்வளவும்! கூடோத்திரமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. பாக்காம வாங்கிட்டேன். ஒங்க கையில அடி வாங்கப் பயந்து அவருக்க பேரச் சொல்லிட்டேன். விடுங்க அவர!"

அனில் ஸ்பானரையும் பொன்னுதாஸையும் மாறி மாறிப் பார்த்தான். பொன்னுதாஸ் கிருஷ்ணன்குட்டியின் கையைப் பார்த்தார். அது கையாகவே இல்லை. பொன்னுதாஸின் முகம் வெளுத்து, பிறகு கல்லானது.

"மூணு விரலு ஒடிச்சாச்சு," என்றார் மெதுவாக. "இனி இவன்தான் வச்சான்."

"அண்ணா, நான் சொல்லுதேன்லா..."

"இவன்தான் வச்சான். நாளைக்குப் போலீஸ் கேட்டாலும் நீ அதத்தான் சொல்லுவ. இல்லேன்னா நீ ஒண்ணுமே சொல்லண்டாம்."

"நான் உண்மைய சொல்லுவேன்," என்றான் எலியா. அவன் வாழ்நாளில் பயமில்லாமல் பேசிய ஒரே வாக்கியம் அது. பொன்னுதாஸ் கண்ணைக் காட்டினார். சஜு துடுப்பைப் பக்கவாட்டில் வீசினான். எலியாவின் தாடை எலும்பு முறிந்தது அவனுக்கே கேட்டது. விழுந்தவனை அனில் விடவில்லை. வயிற்றிலும் வாயிலும் மிதித்தான். பல் இரண்டு மணலில் தெறித்தது.

"சொல்லுல! இப்ப சொல்லுல பட்டி!"

மேட்டு வழியில் ஸ்ரீகுமாரி ஓடி வந்தாள். கிருஷ்ணன்குட்டியின் மனைவி. கையில் தேங்காய் வெட்டுகிற வெட்டுகத்தி. அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. புருஷன் கிடக்கிற கிடையை ஒரு தரம் பார்த்தாள், நேராக அனிலின் தோளில் வெட்டினாள். கத்தி எலும்பில் சிக்கி நின்றது. அவன் குழறிக்கொண்டு சரிந்தான். அவள் காலை அவன்மேல் ஊன்றிக் கத்தியைப் பிடுங்கி மறுபடி ஓங்கியதும் சஜு துடுப்பைப் போட்டுவிட்டு ஜீப்புக்கு ஓடினான். இரண்டாவது வெட்டு பொன்னுதாஸின் முழங்கையைச் சீவிப் போனது. அனிலை இழுத்துப் போட்டுக்கொண்டு ஜீப் மண்ணை வாரியடித்துப் பறந்தது.

நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆட்டோவில் மூவரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். கிருஷ்ணன்குட்டியின் கை ஸ்ரீகுமாரியின் மடியில் துணியில் சுற்றிக் கிடந்தது. மறு பக்கம் எலியா. அவன் தாடை தொங்கிவிடாமல் அவள் தோளில் கிடந்த தோர்த்துத் துண்டை அண்டக் கொடுத்து, தன் உள்ளங்கையால் ஏந்திப் பிடித்திருந்தாள். வண்டி குழியில் இறங்கும்போதெல்லாம் அந்தக் கை அவனைக் குலுங்கவிடாமல் தாங்கியது.

"ஆருக்க பிள்ளையோ, தெய்வமே," என்று அழுதாள். "ஒங்களக் காப்பாத்த வந்துல்லா இந்த அடி வாங்கியிருக்கு. மக்கா, பேசாண்டாம், கேட்டியா, இந்தா ஆஸ்பத்திரி வந்தாச்சு."

எலியா கண்ணை மூடிக்கொண்டான்.

கிருஷ்ணன்குட்டி எலியா பக்கம் தலையைத் திருப்பினார். அவர் குரலில் கோபமில்லை. உண்மையிலேயே தெரியாததைக் கேட்கிற குரல்.

"எனக்க பேரச் சொன்னது போட்டும். மொதல் விரலுக்கு முன்னயே இது பொய்யாக்கும்னு சொல்லப்படாதா மக்கா?"

எலியா வாயைத் திறக்கப் பார்த்தான். ரத்தமும் ஏதோ ஒரு சத்தமும் வந்தது.

ஸ்ரீகுமாரி புருஷன் முகத்தைப் பார்த்தாள். பிறகு இவன் முகத்தைப் பார்த்தாள். அவன் தாடையைத் தாங்கியிருந்த கையை எடுத்துக்கொண்டாள்.