ஈறு என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்

1
இந்தக் கதை என் வாயில் ஆடிய ஒரு பல்லில் பிறந்தது. அப்படி எழுதக் கூசி, முதலில் இப்படித் தொடங்கினேன்:

காட்டுமன்னார்கோயில் அரிசி ஆலைக்காரர் ஒருவருக்கு ஈறு வீங்கி...

அடித்துவிட்டேன். [ஆலைக்காரர் என்று எவருமில்லை. கடலூர் நீதிமன்றத்தில் முப்பது ஆண்டு பிறர் பொய்களைப் பதிந்தவன் நான். என் பொய் ஒரு வரி தாண்டவில்லை.]

2
எங்கள் வீட்டு ஆண்கள் முப்பத்திரண்டு பல்லோடு பாடையேறியவர்கள். சம்பந்தம் பேசும் இடங்களில் இதைச் சொல்லாமல் விட்டதில்லை. போன பொங்கலுக்கு நான் கரும்பைக் கத்தியால் நறுக்கினேன். என் மருமகள் இசைவாணி மட்டும் பார்த்துவிட்டாள். சிதம்பரத்தில் ஈறு நோயை ஆராய்பவள்.

"மாமா, வாயத் தொறங்க."

"பல்லப் புடிச்சுப் பாக்க நான் என்னா சந்தை மாடா?"

"மாடா இருந்தா இந்நேரம் தொறந்திருக்கும் மாமா."

3
(இங்கே கதை கட்டுரையாகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

கிருமி தொடங்கி வைக்கிறது. பல்லைத் தாங்கும் எலும்பைத் தின்பது நம் உடலின் செல்களேதான். ‘தின்னலாம்’ என்ற சேதியை அவற்றிடம் கொண்டுபோவது ஒரு புரதம். இசைவாணி அந்தத் தூதனை வழிமறிக்கிறாள். அவளுடைய எலிகளில் எலும்புத் தேய்மானம் குறைந்திருக்கிறது. மனிதருக்கு மருந்தாக வெகுதூரம் இருக்கிறது என்று அவளே சொல்கிறாள். ஒரு சொல்லும் மிகையாகச் சொல்லாத வாய் அது. எங்கள் குடும்பத்தில் அது புதிது.

4
சிகிச்சையில் வெட்டியெடுக்கும் என் ஈற்றுத் துணுக்கை ஆய்வுக்குக் கேட்டாள். ஒப்புதல் படிவத்தில் ஒரு கேள்வி: ‘குடும்பத்தில் வேறு யாருக்கு இந்நோய்?’*

"பேர் வராது மாமா. வெறும் நம்பர்தான்."

"என் பரம்பரைக்கு நம்பரா?"

"அப்ப பேரையே போட்டுடவா?"

பல் வலித்தது.

* அப்பா கடைசி இரண்டு வருடம் கஞ்சிதான் குடித்தார். பாடையில் அவர் வாயைத் துணியால் கட்டியிருந்தோம். யார் எண்ணினார்கள்?

5
முடிவு அ: கையெழுத்திடுகிறேன்; குடும்பப் பெருமை கரைகிறது.

முடிவு ஆ: மறுக்கிறேன். இசைவாணி எலிகளிடம் திரும்பி... [இதை எழுத முடியவில்லை. அவள் நிமிர்ந்து நடப்பதைப் பார்த்திருந்தால் உங்களாலும் முடியாது. இப்போது எங்கள் வீட்டுப் பெருமை அவள்தான்.]

ஈறு என்றால் முடிவு என்றும் பொருள். அவள் ஒன்றைக் கேட்டாள், வாசிக்கும் நீங்கள் மற்றதைக் கேட்கிறீர்கள்.

கேள்விக்கு எதிரே ‘என் தந்தை’ என்று எழுதிவிட்டேன். அடியில் இரண்டு கோடுகள்: ஒன்று எனக்கு, ஒன்று சாட்சிக்கு. சாட்சி எதிரில் இல்லாமல் நான் எந்தக் காகிதத்திலும் கையெழுத்து வாங்கியதில்லை.

உட்காருங்கள். பேனா திறந்தே இருக்கிறது.