நானா கடைக் கதிரைகள்

கந்தப்பளையில் இனவாதத்துக்கு எதிரான எங்கள் கலந்துரையாடலுக்கு, கீழ்மாடியில் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ரிஸ்வி நானாதான் உட்காரக் கதிரைகள் தந்தார். தமிழர் கடையில் எதுவும் வாங்காதீர்கள் என்று முகநூலில் எழுதிய ஒருவனை எல்லோரும் காறித் துப்பினோம். பேசிக் களைத்ததும் ரோல்ஸ் வந்தது, ஆறிப்போய்.

"கீழ நானா கடையில சுடச்சுட இருக்கே?" என்றேன்.

தலைவர் சூசைரட்ணம் குரலைத் தாழ்த்தினார். "அவங்க கடையில புள்ள பொறக்காம இருக்க மாத்திரை கலக்குறாங்களாம் டீச்சர். அதான் மழையோட மழையா டவுன்ல வாங்கிட்டு வரச் சொன்னேன்."

எல்லோரும் தலையாட்டினார்கள். அவர்களில் ஒருவருக்கும் அறுபதுக்குக் கீழ் வயதில்லை.

கதிரைகளை எடுக்க வந்த நானா கேட்டார்: "அடுத்த மாசமும் வேணுமா?"

"பின்ன? நீங்க இல்லாட்டி நாங்க எங்க ஒக்கார்றது?" என்றார் தலைவர், வாயைத் துடைத்துக்கொண்டு.