ஒரு விரல் தக்கை

சவ்வரிசிப் பனை ஒரே ஒரு முறைதான் பூக்கும். பத்துப் பன்னிரண்டு வருடம் தண்டுக்குள் சேர்த்துவைத்த மாவையெல்லாம் பூவுக்கும் காய்க்கும் கொடுத்துவிட்டுச் செத்துப்போகும். பூப்பதற்குச் சற்று முன்னால் வெட்டினால் மாவு. பிந்தினால் உள்ளே வெறும் நாரும் பொந்தும்தான். அதனால் வெட்டுகிறவர்களுக்கு முன்னால் ஒருவர் சதுப்புக்குள் போய், மரத்தைத் தட்டிப் பார்த்து, நெஞ்சு உயரத்தில் துளை போட்டு, உள்ளே இருப்பதை மென்று துப்புவார். பிறகு துளையை மரத்தக்கையால் அடைப்பார். தக்கை பட்டையோடு பட்டையாக இருந்தால் வெட்டலாம். ஒரு விரல் வெளியே நீட்டியிருந்தால் தொடக்கூடாது.

இருபது வருடம் அந்த வேலையைப் பார்த்தவரை ஆலையில் மரங்கொத்தி என்றுதான் கூப்பிடுவார்கள். எட்டு மாதத்துக்கு முன்பு, பொந்தாகிப்போன பனை ஒன்று விழும்போதே பிளந்து, திசை மாறி, அடுத்த மரத்தைத் தட்டிக்கொண்டிருந்த அவர் மீது சாய்ந்து உயிரை எடுத்தது. வெட்டியவன் அவருடைய தம்பி. தக்கை உள்ளேதான் இருந்தது என்றான். போய்ப் பார்த்தவர்களும் அப்படித்தான் கண்டார்கள். மரங்கொத்தியே தப்பாகக் கணித்துவிட்டார் என்று முடிவானது. துளைபோடும் துரப்பணத்தைத் தம்பியிடம் கொடுத்தார்கள்.

அன்றிலிருந்து அவன் அடித்த தக்கைகள் வெளியே வந்தன.

பட்டையோடு அடித்துவிட்டு வருவான். மறுநாள் போனால் ஒரு விரல் வெளியே நிற்கும். எல்லாமே ஒரே அளவு. மேஸ்திரி முதலில் சிரித்தார்.

"உள்ள இருக்கறது புளிச்சுப் பொங்குதுடா. உன் கை அப்படி. உங்க அண்ணன் அடிச்சா ஆயுசுக்கும் அசையாது."

நன்றாகக் காய்ந்த கட்டையில் செதுக்கிப் பார்த்தான். நார் சுற்றி அடித்தான். அளவு மாறவில்லை. வெட்டுகிறவர்கள் அந்த மரங்களைத் தொட மறுத்தார்கள்.

"மரங்கொத்தி இன்னும் டியூட்டியிலதான் இருக்காரு. நாமதான் லீவுன்னு நெனச்சிட்டோம்," என்றான் ஒருவன். யாரும் சிரிக்கவில்லை.

மூன்று மரங்கள் வெட்டப்படாமலே பூத்துவிட்டன. அன்று மேஸ்திரி மாவு கழுவும் தொட்டிக்கு வந்தார். அங்கே தண்ணீர் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தவள் மரங்கொத்தியின் மனைவி.

"நீதாம்மா இழுத்து விடுற. புருஷன் பேரு கெட்டுப்போச்சேன்னு ஆத்திரம். நாளையிலேர்ந்து வராதே."

"மாடிப்படி ஏறவே முட்டி கெஞ்சுது. நான் அந்தச் சேத்துல எறங்கி நாப்பது மரம் சுத்துவேனா, மேஸ்திரி?" அவள் கை நிற்கவில்லை.

கொழுந்தன் தொட்டிக்கு மறுபக்கம் நின்றிருந்தான். "அண்ணி இல்ல," என்றான்.

"அப்ப யாரு?"

தெரிந்ததைச் சொன்னான்.

"அன்னிக்குத் தக்கை வெளியதான் இருந்துச்சு. ஆலைக்குக் கட்டை ஏத்தற படகுக்கு ரெண்டு கட்டை குறைஞ்சுது. கோடாலியத் திருப்பி நான்தான் உள்ள அடிச்சேன்."

கலங்கல் தண்ணீர் சல்லடையில் சொட்டிக்கொண்டிருந்தது. அண்ணி கேட்டாள்:

"எத்தனை அடி?"

"ரெண்டு."

"அவரு எவ்வளவு தூரத்துல?"

"பதினஞ்சு தப்படி இருக்கும்."

"கேட்டிருக்குமே."

"தட்டறத நிறுத்தினாரு," என்றான். "கொஞ்ச நேரம் ஒண்ணும் கேக்கல. அப்பறம் மறுபடி தட்ட ஆரம்பிச்சாரு."

"நீதானேன்னு விட்டிருப்பாரு," என்றாள். தொட்டியிலிருந்து கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அதன்பின் அவனைப் பார்க்கவில்லை.

மேஸ்திரி துரப்பணத்தை வாங்கிக்கொண்டார். ஆபீசுக்கு எழுத வேண்டும், நாளைக்கு வா என்றார்.

மறுநாள் ஆபீசுக்குப் போகும் முன் அவன் சதுப்புக்குப் போனான். முந்தின நாள் அடித்த பதினோரு தக்கைகளையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். எல்லாம் பட்டையோடு பட்டையாக இருந்தன. நகம்கூட நுழையவில்லை.

கடைசி மரத்தடியில் நின்று விரல்முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினான். பிறகு, வெயில் ஏறும்வரை, காது கொடுத்து நின்றான்.