மூன்று தடவை விழுந்த சுவிட்ச்

ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கம்மாவின் வீட்டில் கரண்டு போனது. மழைக்காலம் வந்துவிட்டால் அந்தத் தேயிலைத் தோட்டத்து மூன்றாம் நம்பர் லயத்து வரிசை வீடுகளில் இது நாளுக்கு இரண்டு தடவை நடக்கும். சுவரில் ஈரம் ஏறும், பழைய வயரில் கரண்டு கசியும், மெயின் பெட்டியில் இருக்கிற ட்ரிப் சுவிட்ச் டக்கென்று விழும். கசிகிற கரண்டு ஆளைக் கொல்லுமுன் அணைத்துவிடத்தான் அந்தச் சுவிட்சை வைத்திருக்கிறார்கள். லயத்தில் யாரும் அதை அப்படிப் பார்க்கவில்லை. உலை கொதிக்கிற நேரத்தில் வந்து கழுத்தறுக்கிற சாமான், அவ்வளவுதான்.

"கிருஷ்ணா, இந்தச் சனியன் மறுபடி விழுந்துருச்சுப்பா. அரிசி பாதி வேக்காட்டுல நிக்குது. வந்து டைரெக்ட் பண்ணிக் குடு" என்று தங்கம்மா வாசலில் நின்று கூப்பிட்டாள்.

கிருஷ்ணகுமார் தேயிலை பெக்டரியில் வயர்மேனுக்கு உதவியாள். பன்னிரண்டு வருட வேலை. லயத்தின் தொங்கல் காம்பராவில், அதாவது கடைசி வீட்டில், இருப்பவன். டைரெக்ட் பண்ணுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ட்ரிப் சுவிட்சைத் தாண்டிப் போகிற மாதிரி ஒரு துண்டு வயரைப் போட்டு முறுக்கிவிட வேண்டும். அதற்குப் பிறகு கரண்டு நிற்காது. நிற்க வேண்டிய நேரத்திலும் நிற்காது. அந்த மழைக்கு மட்டும், தங்கம்மா வீட்டோடு சேர்த்து, அவன் பதினொரு வீட்டுக்கு இதைச் செய்திருந்தான். கேட்டவர்களும் தெரியாமல் கேட்கவில்லை. மழை நாளில் சுவரைத் தொட்டால் சுர்ரென்று இழுப்பதை அந்த லயத்தில் பிறந்த பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே தெரிந்துகொள்கின்றன. பழகிப் போய்விட்டது. பழகிப் போனதற்கு யார் பயப்படுகிறார்கள்?

தங்கம்மா கொடுத்த பிளேன்டீயைக் குடித்துவிட்டு அவன் வெளியே வந்தபோதுதான் அந்த வண்டி வளைவில் ஏறி வந்தது. பஸ் அளவு நீளம். உள்ளே கட்டில், அடுப்பு, குளிக்கிற அறை, சுடுதண்ணி ஹீட்டர், ஏசி எல்லாம் உண்டு. பின்னால் கூரைக்கு ஏற ஓர் இரும்பு ஏணி. லயத்துப் பிள்ளைகள் அதற்கு வீட்டு பஸ் என்று பெயர் வைத்து இரண்டு மாதம் ஆகிறது. வழக்கமாக அது தோட்ட மேனேஜரான துரையின் பங்களாவுக்குப் போய்விடும். அன்றைக்குப் பங்களா ரோட்டில் மண் சரிந்து கிடந்தது.

வண்டிக்குச் சொந்தக்காரர் காளிதாஸ், றக்வானை பஜாரில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர். வயரும் ட்ரிப் சுவிட்சும் விற்கிற கடைதான். உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விட இந்த வண்டியை வாங்கியிருந்தார். அன்றைக்கு உள்ளே ஒரு வெள்ளைக்காரத் தம்பதி இருந்தது. காளிதாஸ் தன் காரில் பின்னால் வந்து இறங்கினார். லயத்துக்கு முன்னால் இருந்த சமதரையைப் பார்த்தார். அங்கே துணி காயப்போடுகிற கம்பிக்கு ஒரு மரக்கம்பம் நட்டிருந்தது. அதைப் பிடுங்கச் சொன்னார். பிடுங்கினார்கள்.

"கிருஷ்ணகுமாரு, ஒன் வீட்டுலருந்து ஒரு லைன் எடுத்துக் குடு தம்பி. ரெண்டு நாளைக்குத்தான்" என்றார். பிறகு தோளில் கைபோட்டு ஓரமாகக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தொரைகிட்ட பேசிட்டேன். இந்த எடத்தையே வண்டி நிறுத்துற எடமா ஆக்கப்போறோம். கரண்டு, தண்ணி பாத்துக்க ஒரு ஆள் வேணும். தங்க வீடும் உண்டு, லயத்துல இல்ல, தனி வீடு. ஒன்னயத்தான் மனசுல வச்சிருக்கேன். இன்னைக்கு விருந்தாளிக்கு ஒரு கொறையும் வரக்கூடாது."

தனி வீடு. கிருஷ்ணகுமாருக்கு அந்த இரண்டு வார்த்தைக்கு மேல் எதுவும் காதில் விழவில்லை. பக்கத்து வீட்டில் இருமினால் நம் வீட்டில் தண்ணீர் எடுத்து வைக்கிற லயத்து வாழ்க்கையை விட்டு வெளியேற அவனுக்கு வாய்த்த ஒரே வழி இதுதான். அன்றைக்கு அந்த வண்டியில் விளக்கு எரிய வேண்டும்.

வண்டியின் டிரைவர் சஞ்சீவ், கறுப்பு நிறத் தடித்த கேபிளைச் சுருள் முழுவதும் பிரித்துத் தரையில் போட்டான். "சுருட்டி வச்சுக்கிட்டுப் பாவிச்சா சூடாகி உருகிரும் அண்ணே" என்றான். அப்புறம் கேட்டான்: "ஒங்க வீட்டுல எர்த் சரியா இருக்கா? ட்ரிப் வேலை செய்யுதா? டெஸ்ட் பட்டன அமுக்கிப் பாத்தீங்களா?"

"எல்லாம் இருக்கு மல்லி. நான் வயர்மேன்" என்றான் கிருஷ்ணகுமார், தம்பி என்பதைச் சிங்களத்தில் சொல்லி.

"ஹரி, ஹரி, சரிதான். ஆனா வீட்டு ப்ளக்குல இந்த வண்டிய முழுசா ஓட்ட ஏலாது. ஹீட்டர், ஏசி, அடுப்பு, இதுல ஒரு நேரத்துக்கு ஒண்ணுதான். வண்டி முழுக்க இரும்பு பாருங்க. உள்ள எங்கயாவது கசிஞ்சா ஒடம்பு பூராவும் ஏறிரும்."

"இவன் ஒரு பயந்தாங்கொள்ளி. நீ மாட்டு தம்பி" என்றார் காளிதாஸ்.

அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு ஷாமிளா துணிப் பேசினோடு வந்து நின்றாள். கொழுந்து எடுக்கிறவள். ஞாயிறு ஒன்றுதான் அவளுக்குத் துவைக்கிற நாள். கணவன் சசி கொழுந்து லொறியில் வேலை. அவர்களுக்கும் கிருஷ்ணகுமாருக்கும் நடுவில் ஒரு சுவர்தான், மெயின் பெட்டியும் ஒன்றுதான்.

"அண்ணே, கொடிக் கம்பத்தப் புடுங்கிட்டாங்களே. நான் எங்க காயப் போடுறது? நாளைக்குப் புள்ளைக்கு நர்சரிக்குப் போட இந்த ஒரு யூனிபோர்ம்தான் இருக்கு."

அவள் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கிருஷ்ணகுமாரே கீழே கிடந்த கம்பியின் நுனியை எடுத்து, வண்டியின் இரும்பு ஏணியில் இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கிக் கொடுத்தான். "இதுல போட்டுக்க தங்கச்சி. ரெண்டு நாளைக்குத்தானே." லயத்தில் எது அசையாமல் நிற்கிறதோ அதில் கொடி கட்டுவது வழக்கம். அந்த வெள்ளைக்காரப் பெண் கலர் கலரான துணிகளைப் பார்த்துச் சிரித்துப் படம் எடுத்துக்கொண்டாள். ஷாமிளாவும் வெட்கத்தோடு சிரித்தாள்.

கேபிளை மாட்டினார்கள். விளக்கு எரிந்தது. ஹீட்டரைப் போட்டதும் ட்ரிப் சுவிட்ச் விழுந்தது. கிருஷ்ணகுமார் தூக்கிவிட்டான். உடனே இரண்டாவது தடவையும் விழுந்தது.

"ஹீட்டர்ல கசியுது. அதப் போடவேணாம் முதலாளி. சுடுதண்ணி அடுப்புல வச்சுக் குடுப்போம்" என்றான் சஞ்சீவ்.

"காசு குடுத்து வந்தவங்ககிட்ட வாளியில தண்ணி குடுக்கவா? ஏம்பா, வயர்மேன்னு சொன்னியே" என்றார் காளிதாஸ். கிருஷ்ணகுமாரின் முகம் சுருங்கிப்போனது. கேபிளின் ப்ளக்கைத் திறந்தான். கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடுகிற எர்த் வயரைக் கழற்றி ஒதுக்கிவிட்டு மூடினான். இப்போது கசிவு போக வழியில்லாமல் வண்டியின் உடம்பிலேயே நின்றது. சுவிட்ச் விழவில்லை. காளிதாஸ் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

பத்தரைக்கு மழை கொட்டியது. ஷாமிளா ஓடிவந்து துணிகளை உருவிக்கொண்டு போனாள். மண் நனைந்தது, வண்டியைத் தாங்கிய இரும்புக் கால்கள் நனைந்தன, அந்த வழியாகக் கசிவு மண்ணில் இறங்கியது. சுவிட்ச் மூன்றாவது தடவை விழுந்தது.

வெள்ளைக்காரப் பெண் வண்டிக் கதவடியில் நின்று சஞ்சீவிடம் ஏதோ சொன்னாள். கைப்பிடியைத் தொட்டபோது விரல் கூசியதாம். சஞ்சீவ் வந்து கிருஷ்ணகுமாரிடம் சொன்னான்.

"மழையில அப்பிடித்தான் இருக்கும். எங்க லயத்துல சுவரே சுர்ருங்கும். யாரும் செத்துப் போகல" என்றான் கிருஷ்ணகுமார். சொல்லிக்கொண்டே உள்ளே போய் ஒரு துண்டு வயரை எடுத்தான். தன் வீட்டு மெயின் பெட்டியை டைரெக்ட் பண்ணினான். காளிதாஸ் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தன் கடையில் தினமும் விற்கிற சாமானை ஒருவன் செல்லாக்காசாக்குவதைப் பார்த்து, "அப்பிடிப் போடு" என்றார்.

பன்னிரண்டு மணிக்கு வெயில் அடித்தது. மழைக்கால வெயிலை நம்ப முடியாது, எந்த நேரமும் ஓடிவிடும். ஷாமிளா பேசினைத் தூக்கிக்கொண்டு அவசரமாக வந்தாள். வெறுங்கால். சேற்று மண். கையில் ஈரம் சொட்டுகிற சின்ன வெள்ளைச் சட்டை. அதைக் கம்பியில் போட்டு இரண்டு கையாலும் இழுத்துவிட்டாள். சத்தம் போடக்கூட முடியவில்லை அவளுக்கு. கம்பி கையை விடவில்லை.

கிருஷ்ணகுமார்தான் முதலில் பார்த்தான். பாய்ந்து போய் மெயின் சுவிட்சை அடித்து அணைத்தான். அவள் சாய்ந்து விழுந்தாள். அவளைப் பிடிக்க ஓடிவந்த சசி, தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு த்ரீவீலருக்கு ஓடினான். ஆஸ்பத்திரிக்குப் பதினாலு கிலோமீட்டர், முழுக்க வளைவு. பாதி வழியிலேயே முடிந்துவிட்டது. இருபத்தாறு வயது.

பொலிஸ் வருவதற்கு முன் கிருஷ்ணகுமார் துண்டு வயரைக் கழற்றி அடுப்பில் போட்டான். எர்த் வயரைத் திரும்ப மாட்டினான். யாரும் அவனிடம் சொல்லவில்லை, அவன் கையே செய்தது. ஈரக் கையோடு கம்பியைத் தொட்டதால் நேர்ந்த விபத்து என்று எழுதினார்கள். சஞ்சீவ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். காளிதாஸ் அவனை ஒரு பார்வை பார்த்தார். அன்று மாலையே அவனை வேலையை விட்டு அனுப்பிவிட்டார். சாவு வீட்டுச் செலவு முழுவதும் காளிதாஸுடையது. பெரிய மனசு என்று லயமே பேசியது. கிருஷ்ணகுமாரைப் பற்றியும் பேசினார்கள். அவன் மட்டும் மெயினை அடிக்காவிட்டால் சசியும் சேர்ந்து போயிருப்பான் என்றார்கள். மாரியம்மன் கோயிலில் அவன் பேருக்கு அர்ச்சனைகூட நடந்தது. த்தூ, என்ன உலகம் இது!

பதினாறாம் நாள் கருமாதிச் சாப்பாடு. வேலை உறுதி, வரும் முதலாம் திகதி தனி வீட்டுக்கு மாறிவிடலாம் என்று காளிதாஸ் காலையில்தான் சொல்லி அனுப்பியிருந்தார். கிருஷ்ணகுமார் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தான். மொட்டையடித்த தலையோடு சசி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்:

"மொத எலைய கிருஷ்ணா அண்ணனுக்குப் போடுங்க. அன்னைக்கு ஓடி வந்தது அவருதான்."

இலையைப் போட்டார்கள். சோறு விழுந்தது. பக்கத்தில் சசியின் மகள் வந்து உட்கார்ந்தாள். அந்த வெள்ளைச் சட்டையைத்தான் போட்டிருந்தாள். கிருஷ்ணகுமார் எழுந்துவிட்டான்.

"எனக்குப் போடாதீங்க. நான்தான் கொன்னேன்" என்றான்.

யாருக்கும் விளங்கவில்லை. அவன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். மூன்று தடவை சுவிட்ச் விழுந்தது, எர்த்தைக் கழற்றியது, டைரெக்ட் பண்ணியது, கம்பியைத் தன் கையாலேயே ஏணியில் முறுக்கியது, பொலிசுக்கு மறைத்தது. ஒன்றையும் விடவில்லை.

தோட்டத் தலைவர்தான் முதலில் வாய் திறந்தார். "விடப்பா, நடந்தது நடந்து போச்சு. அவ தலையெழுத்து. இப்பப் போயி முதலாளி பேரையும் இழுத்து வம்ப வெலைக்கு வாங்காத." இன்னும் நாலு பேர் தலையாட்டினார்கள். அந்த நாலு பேர் வீட்டிலும் டைரெக்ட்தான் ஓடிக்கொண்டிருந்தது.

சசி அடிப்பான் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவன் அடிக்கவில்லை. சோற்று வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றான்.

"மூணு தடவ விழுந்துச்சுன்னு சொல்றீங்க. மூணு தடவையும் அது ஷாமிளாவுக்காகத்தான் விழுந்திருக்கு அண்ணே. ஒரு சுவிட்சுக்கு இருந்த அக்கற ஒங்களுக்கு இல்லாமப் போச்சே. எங்க கூடப்பொறந்த மாதிரி இருந்தீங்களே." மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

கிருஷ்ணகுமார் பொலிஸ் ஸ்டேசனுக்குப் போகப்போவதாக அங்கேயே எல்லாரிடமும் சொன்னான். அதற்கு முன் குறடையும் டெஸ்டரையும் எடுத்துக்கொண்டு லயத்தின் முதல் வீட்டில் இருந்து தொடங்கினான். எல்லாரும் சாப்பாட்டில் இருந்தார்கள். பத்து வீட்டிலும் மெயினை அணைத்து, தான் போட்ட துண்டு வயரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டான். பதினோராவது வீடு தங்கம்மாவுடையது. அவள் சாவு வீட்டில் இருந்து வந்து வாசலை மறித்து நின்றாள்.

"மழ விட்டதும் கழட்டலாமேப்பா. திரும்ப விழுந்துச்சுன்னா ராவெல்லாம் இருட்டுலதானே கெடக்கணும். நீயும் இருக்க மாட்ட."

"இருட்டுலயே கெடங்க அக்கா" என்றான் கிருஷ்ணகுமார். "சுவிட்ச் விழுந்தா இனிமே திட்டாதீங்க. எங்க கசியுதுன்னு தேடிச் சரிபண்ணுங்க. தோட்டத்துல கேட்டு வயர மாத்துங்க, சண்ட போட்டாவது மாத்துங்க. அது விழும்போதெல்லாம் நம்ம வீட்டுல ஒரு உசுரு பொழச்சிருக்குன்னு நெனச்சுக்கங்க. அத விழவிடாம பண்றவன், ஏன் வெதியக் கொற சொல்லணும், அவன்தான் கொலகாரன். கேட்டவனும் பாதிக் கொலகாரன்."

தங்கம்மா வாசலை விட்டு விலகி நின்றாள்.