கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச்

கரண்ட் பில் வந்தால் எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர் திட்டு வாங்குவார்கள். எங்கள் வீட்டில் அந்த உத்தியோகம் எனக்கு நிரந்தரம்.

வீடு ஒன்று, மீட்டர் ஒன்று, குடித்தனம் இரண்டு. கீழே என் கணவரின் அண்ணனும் அவர் மனைவியும். மேலே நாங்கள். பில்லைப் பாதிக்குப் பாதி கட்டுவதாக ஏற்பாடு. என் மூத்தார் ஓர் அலுவலகத்தில் பழைய கோப்புகளைத் தேடி எடுத்துக் கொடுக்கிற வேலையில் இருக்கிறார். ஆனால் வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் யாருக்காவது தீர்ப்பு சொல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. அதனால் அவருக்கு நான் ஜட்ஜ் என்று பெயர் வைத்திருக்கிறேன். என் ஓரகத்திக்கும் எனக்கும் இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவள் சுவரைப் பார்த்துச் சொல்வாள். நான் மாடிப்படியைப் பார்த்துப் பதில் சொல்வேன். இவ்வளவையும் கேட்டுக்கொண்டு அந்தச் சுவரும் படியும் இடிந்து விழாமல் நிற்பதுதான் அதிசயம்.

அந்த முறை பில் மூன்று மடங்கு வந்தது. ஜட்ஜ் அதைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நின்று என் கணவரைக் கூப்பிட்டார். நானும் பாதிப் படி வரை இறங்கிப் போய் நின்றேன்.

"இவ்வளவு கரண்ட் எங்க போகுதுன்னு எனக்குத் தெரியாதா? நாள் முழுக்க மேல மிஷின் ஓடிக்கிட்டே இருக்கு," என்றார்.

"தலைக்கு மேல கடகடன்னு ஒரே சத்தம். மத்தியானம் அஞ்சு நிமிஷம் கண்ணை மூட முடியல," என்று ஓரகத்தி சுவரிடம் முறையிட்டாள்.

மோட்டார் வைத்த என் தையல் மிஷினைத்தான் சொல்கிறார்கள். ஆஸ்பத்திரி ஊழியர்களுக்குச் சீருடை தைத்துக் கொடுக்கிறேன். என் கைச்செலவு, இந்த வீட்டில் என் பேச்சுக்கு இருக்கும் கொஞ்சநஞ்ச மரியாதை, இரண்டும் அதிலிருந்துதான் வருகின்றன. அது போனால் ஒரு சோப்பு வாங்கக்கூட நான் கையை நீட்டி நிற்க வேண்டும். அது அவர்களுக்கும் நன்றாகத் தெரியும்.

என் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். சண்டை என்றால் உடனே வெளியே கிளம்பச் செருப்பைத் தேடுகிற ஆள். "சின்ன மோட்டார்தானே அண்ணா," என்று வாய்க்குள்ளேயே சொன்னார்.

"அப்ப பேய் வந்து கரண்டைக் குடிச்சிட்டுப் போகுதா?" என்றார் ஜட்ஜ். ஓரகத்தி களுக்கென்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பில் எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. "அடுத்த ரீடிங் எடுக்கிற வரைக்கும் மிஷின் ஓடாது. பெல்ட்டைக் கழட்டிக் கீழயே குடுத்துடறேன். பில் குறைஞ்சா மிஷினை வித்துடறேன். குறையலைன்னா, அதுக்கப்புறம் என் மிஷினைப் பத்தி இந்த வீட்ல யாரும் வாயைத் திறக்கக் கூடாது," என்றேன்.

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். என்ன பயன், சொல்லியாகிவிட்டது. ஜட்ஜ் பெல்ட்டை வாங்கி மேசை டிராயரில் வைத்துப் பூட்டினார். பூட்டிவிட்டு ஒருமுறை இழுத்தும் பார்த்தார்.

பெல்ட் இல்லாத மிஷின் வெறும் மேசை. ஆஸ்பத்திரிக்காரர்கள் பாதி வேலையை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். மிச்சம் எனக்கு வந்தது பட்டன் வைப்பதும் ஓரம் மடிப்பதும்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு நாள் முழுக்கச் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். நான் அதற்கு முன் அந்த அறையில் சத்தமில்லாமல் உட்கார்ந்ததே இல்லை. அப்போதுதான் அது காதில் விழுந்தது. சுவரை ஒட்டி மாடித் தொட்டிக்குப் போகிற குழாயில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. காலையில் ஏறியது. மத்தியானமும் ஏறியது. சாயங்காலம் நான் ஊசியை வைத்துவிட்டு எழுந்தபோதும் ஏறிக்கொண்டேதான் இருந்தது.

மொட்டை மாடிக்குப் போய்த் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். தொட்டி தளும்பி நின்றது. இந்தக் குழாயில் வந்து விழுகிற தண்ணீர் அந்தக் குழாய் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. வெளியே என்றால் தெருவுக்கு இல்லை. கீழே தரைக்கடியில் இருக்கும் பெரிய தொட்டிக்கே திரும்பிப் போகிறது. அதுவும் எங்கள் சண்டை செய்த வேலைதான். முன்பெல்லாம் நிரம்பினால் வழிந்து ஓரகத்தியின் துணிக்கொடியில் கொட்டும். நான் வேண்டுமென்றே அவள் துணியை நனைக்கிறேன் என்று, அந்த மூன்று மடங்கு பில்லுக்கு இரண்டு மாதம் முன்னால் ஒரு பாட்டம் அழுது, அந்த வழிகிற குழாயைக் கீழ்த் தொட்டிக்கே திருப்பி விடச் செய்தாள். அன்றிலிருந்து தொட்டி நிரம்பியது யாருக்கும் தெரிவதில்லை. மோட்டாரும் தண்ணீருக்குள்ளேயே முங்கிக் கிடக்கிற ரகம், மூச்சுக் காட்டாது.

மோட்டாரை நிறுத்தலாம் என்று ஓடி வந்தேன். எங்கள் வாசல் சுவிட்ச் ஏற்கெனவே நிறுத்தித்தான் இருந்தது. அதைப் பார்த்ததும் எல்லாம் புரிந்துவிட்டது.

ஒரு காலத்தில் மோட்டார் சுவிட்ச் கீழே மட்டும்தான் இருந்தது. தண்ணீர் வேண்டுமென்றால் நான் அவளிடம் போய் நிற்க வேண்டும். அதற்கும் ஒரு சண்டை போட்டு மேலேயும் ஒன்று வைத்துக்கொண்டேன். மாடிப்படி விளக்குக்குப் போடுவார்களே, கீழேயும் போடலாம், மேலேயும் அணைக்கலாம், அந்த மாதிரி. அதில் சுவிட்ச் நிமிர்ந்திருக்கிறதா, கவிழ்ந்திருக்கிறதா என்பதற்கு அர்த்தமே இல்லை. யார் தட்டினாலும் ஓடுவது நிற்கும், நிற்பது ஓடும். ஓடினால் எரிகிற மாதிரி ஒரு சின்ன விளக்கு வைக்கலாம் என்று எலக்ட்ரீசியன் அப்போதே சொன்னார். அதை யார் வாசலில் வைப்பது என்று நாங்கள் போட்ட சத்தத்தில் மனிதர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். "போட்டிருக்கேன்", "நிறுத்திட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிக்கொள்கிற வீட்டில் அந்த விளக்கே தேவையில்லை. நாங்கள் சொல்லிக்கொள்ளவில்லை. அவள் நிறுத்திவிட்டுப் போவாள். மேலே நான் போகிற போக்கில் நிறுத்துவேன். அது ஓட ஆரம்பிக்கும். பந்தயம் போட்ட பிறகு சிக்கனமாக இருப்பதாக நினைத்து ராத்திரி பகலாக நிறுத்தியவளும் நான்தான்.

சுவிட்சில் கை வைத்தேன். தட்டியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். பில்லும் குறையும். குறைந்தால்? பார்த்தியா, மிஷினை நிறுத்தினதும் குறைஞ்சுடுச்சு என்பார் ஜட்ஜ். நான் தொட்டி, குழாய் என்று என்ன சொன்னாலும் அவர் காதில் ஏறாது. என் மிஷின் போய்விடும். அவள் மத்தியானத்தில் நிம்மதியாகத் தூங்குவாள்.

கையை எடுத்துக்கொண்டேன். ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதன் பிறகு அந்தச் சுவிட்ச் பக்கமே நான் போகவில்லை. கீழே அவள் காலையில் தட்டும்போது மோட்டார் நின்றது. நிரம்பிவிட்டது என்று மறுபடி தட்டும்போது ஓடியது. நான் பட்டன் தைத்துக்கொண்டே குழாய்ச் சத்தத்தைக் கேட்டேன். பாட்டுக் கேட்கிற மாதிரி கேட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும், அவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது.

போன பில்லில் எங்கள் பங்கைக் கட்டக் கடன் வாங்கியிருந்தார் என் கணவர். பள்ளிக்கூட சவாரி முடிந்ததும் வேனில் காய்கறி மூட்டை ஏற்றப் போய்க்கொண்டிருந்தார். ஏற்றுவதும் இறக்குவதும் அவரேதான். சாயங்காலம் குப்புறப் படுத்துக்கொண்டு, "இந்தத் தடவையாவது குறையுமா?" என்று கேட்டார். நான் அவர் முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். சுவருக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. "பார்க்கலாம்," என்றேன்.

ரீடிங் எடுக்கிறவர் வந்தார். மீட்டரைப் பார்த்துவிட்டு, "வீட்ல ஏதாவது கம்பெனி நடத்தறீங்களா?" என்று கேட்டார். பில் போன தடவையைவிட அதிகம்.

அந்த நிமிஷத்துக்காகத்தான் நான் காத்திருந்தேன். "பெல்ட் உங்க டிராயர்ல இருக்கு. சாவி உங்க இடுப்புல இருக்கு. அப்புறம் எப்படி ஏறிச்சு? பேய் வந்து குடிச்சுதா?" என்றேன், ஜட்ஜைப் பார்த்தே. அவர் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரகத்தி முகத்தில் ஈயாடவில்லை. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஜெயித்த வாய் எங்கே சும்மா இருக்கிறது?

"வாங்க, காட்டறேன்," என்று எல்லாரையும் மீட்டர் முன்னால் நிறுத்தினேன். அதில் சிவப்பு விளக்கு விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. கீழ் சுவிட்சைத் தட்டினேன். துடிப்பு அடங்கி, எப்போதாவது ஒருமுறை மினுக்கியது. மறுபடி தட்டினேன். மறுபடி துடித்தது.

"மோட்டார்," என்றேன். "தொட்டி நிரம்பி, வழிஞ்சு, திரும்பவும் கீழயே போய், திரும்பவும் மேல ஏறிக்கிட்டு இருக்கு. என் மிஷினாம் மிஷின். நான் அன்னிக்கே மாடிக்குப் போய்ப் பார்த்துட்டேன். தினமும் சுவர்ல கேட்டுக்கிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன்."

ஜட்ஜுக்குக்கூடத் தீர்ப்பு வரவில்லை. ஓரகத்திதான் முதலில் வாயைத் திறந்தாள். இரண்டு வருடத்தில் முதல் தடவையாகச் சுவரை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"தெரிஞ்சும் ஓட விட்டியா?"

என் கணவரைப் பார்த்தேன். அவர் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போய்ச் சுவிட்சைத் தட்டி மோட்டாரை நிறுத்தினார்.

"அண்ணா, அந்த பெல்ட்டைக் குடுத்துடுங்க," என்றார். குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் பதிலுக்குப் பேச எனக்கும் நன்றாக வந்திருக்கும்.

பெல்ட்டை மாட்டினேன். மிஷின் ஓடியது. பந்தயத்தில் ஜெயித்தது ஜெயித்ததுதான், யாரும் வாயைத் திறக்கவில்லை. சாப்பாட்டு நேரத்துக்கு என் கணவரின் தட்டை எடுத்து வைத்தேன். அவர் மேலே வரவில்லை. கீழே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. "இன்னும் கொஞ்சம் போட்டுக்க," என்று ஓரகத்தி சொன்னாள். எங்களுக்குப் பேச்சு நின்ற பிறகு அவர் அந்த வீட்டில் கை நனைத்ததில்லை.

மிஷினை நிறுத்தினால் கீழே அவர் குரல் கேட்கிறது. அதனால் நிறுத்தாமல் தைத்துக்கொண்டிருக்கிறேன்.