சுருக்கமில்லாத விரிப்பு

1

இந்தக் கதை ஒரு பாராட்டிலிருந்து பிறந்தது. 1936 வாக்கில் மிஷன் பள்ளி வாத்தியார் தனிஸ்லாஸ், மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார்:

“அண்ணே, அம்புட்டுக் கட்டிலும் நூல் பிடிச்ச மாதிரி! விரிப்புல ஒரு சுருக்கம் கிடையாது!”

“படுத்திருந்தவுக எப்படி இருந்தாக?” என்று கேட்டேன்.

“அதைப் பாக்கலையே அண்ணே.”

2

முதல் தொடக்கம்: ‘காலைக் கதிர் கோபுரத்தில் பட, வெண்ணிற ஆடையில் தேவதைபோல் பிலோமினாள்…’

(அடித்துவிட்டேன். அந்த ஆடையைத் துவைக்கிறவளிடம் கேளுங்கள், தேவதையா என்று.)

இரண்டாவது: பிலோமினாளுக்கு நர்சுப் பயிற்சியில் முதல் வருஷம். முதல் பாடம், விரிப்பை மெத்தைக்கடியில் இறுக்கிச் செருகுவது. [நோயாளி அசைந்தால் சுருக்கம் விழும், ஆகவே அசையமுடியாதபடி.] இரண்டாம் பாடம், பெரிய டாக்டர் பார்வையிட்டு முடிக்கும்வரை விரிப்பைத் தொடக்கூடாது. தொட்டவள் ஊருக்குப் பெட்டி கட்டலாம். மூன்றாம் பாடம் நோயாளியைப் பற்றியது. அதற்குள் பார்வையிடும் நாள் வந்துவிட்டது.

3

பாண்டியம்மாள் செல்லூர்த் தறிக்காரி. வயிற்றில் ஆபரேஷன். மயக்கத்திலேயே நடுங்கினாள், காலடியில் வெந்நீர்ப் பை வைக்கச் சொன்னார்கள். பைக்குப் போடும் கம்பளி உறைகள் எல்லாம் வெளுக்கப் போயிருந்தன. பெரிய டாக்டர் வருகிறாரே, கறை தெரியலாமா? பிலோமினாள் வெறும் பையை வைத்து விரிப்பைச் செருகினாள். ஒரு சுருக்கமில்லை. நூற்றுக்கு நூறு.

4

பெரிய டாக்டர் வார்டுக்குள் நுழையும்போது பாண்டியம்மாளுக்கு மயக்கம் தெளிந்தது.

“தாயீ… காலு எரியுது.”

“சத்தம் போடாதீகக்கா. டாக்டர் வந்துட்டாக.”

“வந்தா எனக்கென்ன? தறி மிதிக்கிற காலுடீ!”

(எங்கள் வீட்டிலும் கால்தான் சோறு போட்டது. விளக்கம் வேண்டுகிறவர்கள் ஒருநாள் தறிக்குழியில் உட்கார்ந்து பார்க்கலாம்.)

பிலோமினாளின் கை விரிப்பின் ஓரத்துக்குப் போனது. பெரிய சிஸ்டர் சிரித்த முகம் மாறாமல் அவள் காதில் சொன்னாள்: “கையை எடு. இன்னும் நாலு கட்டில்தான்.”

அவள் நெஞ்சுக்குள் இரு குரல்கள்…

(இந்த மனப்போராட்டத்தை அரைப் பக்கம் எழுதினேன். நன்றாகவே வந்தது. அப்புறம்தான் உறைத்தது: நான் எழுதி முடிக்கும்வரை பை காலிலேயே இருந்திருக்கிறது.)

5

முதல் முடிவு: விரிப்பை உருவுகிறாள். கால் தப்புகிறது, இவள் பெட்டி கட்டுகிறாள்.

இன்னொன்று: உருவவில்லை. தேறிப் பெரிய சிஸ்டராகிறாள். விரிப்புப் பாடம் அவள்தான் எடுக்கிறாள்.

மூன்றாவது: பெரிய டாக்டரே முனகலைக் கேட்டு மனமிரங்கி… (நானும் ஆஸ்பத்திரியில் கிடந்தவன். அடித்துவிட்டேன்.)

6

டாக்டர் இன்னும் இரண்டு கட்டில் தள்ளி நிற்கிறார். எந்த முடிவு அழகு என்று நீங்கள் நிதானமாக யோசிக்கலாம். வேகிறது உங்கள் கால் இல்லையே.

“இன்னுமா பாத்துக்கிட்டு நிக்கிறீக?” என்கிறாள் பாண்டியம்மாள். பிலோமினாளிடம் அல்ல. இந்தப் பக்கம் திரும்பி.

விரிப்புக்கு இரண்டு ஓரம். ஒன்று பிலோமினாள் பக்கம். மற்றது, உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில்.